மூண்டு தரத்துக்கு மேலை வரப்படாது

வட்டக்கச்சியில் மாட்டுக்குச் சுகமில்லை என்றால் பரிகாரியிடம் போவார்கள். வீட்டில் கதை பேச்சு நின்றுபோனால் மயிலண்ணையின் மதகுக்கு வருவார்கள். பரிகாரி மருந்து கொடுப்பார், மாடு பிழைத்தாலும் பிழைக்கும். மயிலண்ணை மருந்து எதுவும் கொடுப்பதில்லை. மதகில் இருந்து காலை வாய்க்காலுக்குள் தொங்கப் போட்டுக்கொண்டு சில கேள்விகள் கேட்பார். பிறகு யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வேலையைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

முழுப்பெயர் மயில்வாகனம். எங்கள் குடியேற்றத்து வாய்க்காலில் துருசுக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவருடைய வேலை. இரணைமடுத் தண்ணீர் எந்தக் கிழமை யாருடைய வயலுக்குப் போகும் என்பதை அவரும் அவருடைய இரும்புக் கைபிடியுமே தீர்மானிப்பார்கள். நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காதுகள். அந்தக் காதுகளைக் கண்டால் யாருக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். நானே ஒருமுறை, கேட்காமலே, கனகலிங்கத்தாரின் சைக்கிள் மணிக்குள் களிமண் அடைத்த சங்கதியைச் சொல்லியிருக்கிறேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று வாத்தியார் சொல்வார். அப்படிப்பட்ட என் வாயிலிருந்தே உண்மை வந்ததென்றால் அந்தக் காதின் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதகுக்கு வருகிறவர்களிடம் மயிலண்ணை முதலில் சொல்லும் வசனம் ஒன்றுதான்.

"மூண்டு தரத்துக்கு மேலை வரப்படாது. நாலாந்தரம் வாறவன் சிக்கலுக்கு வாறேல்லை, அருந்ததியின்ரை தேத்தண்ணிக்கு வாறான்."

அருந்ததி அக்கா அவருடைய மனைவி. மதகுக்குப் பக்கத்து வளவில்தான் வீடு. ஊரார் எல்லோருடைய வீட்டுச் சண்டையையும் தீர்க்கிற மனிசனுக்கும் அவவுக்கும் கிழமைக்கு ஒருமுறையாவது முட்டும். ஒருநாள் நான் அவவிடம், "அக்கா, நீங்களும் மதகுக்குப் போகலாம்தானே?" என்று கேட்டேன்.

"எங்கடை மூண்டு தரமும் கலியாணம் முடிச்ச கிழமையே முடிஞ்சுது தம்பி," என்றா, சுளகில் அரிசி புடைத்தபடி.

மூன்று தரக் கணக்கு மயிலண்ணைக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இங்கே வருமுன் அவர் சாவகச்சேரியில் ஒரு பிரக்கிராசியாரிடம் வழக்குக் கட்டுகள் எழுதும் வேலை பார்த்தவர். அதே காலத்தில் அவருடைய வீட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. வேலிச் சண்டை. பக்கத்து வளவுக்காரர் பூவரசங் கதியால் ஒன்றைச் சற்றுத் தள்ளி நட்டுவிட்டாராம். மயிலண்ணையின் தகப்பன் வழக்கைத் தொடங்கினார், தமையன் நடத்தினார், மயிலண்ணை தவணைக்குத் தவணை கட்டுச்சோறு கொண்டுபோனார். தீர்ப்பு வந்த நாளில் போய்ப் பார்த்தால் அந்தக் கதியாலைக் கறையான் தின்று முடித்திருந்தது.

"அங்காலை இருந்தது ஆர் தெரியுமோ?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். "என்ரை சொந்தச் சித்தப்பர். சின்னனிலை என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவர். அவற்றை செத்தவீட்டுக்கு நாங்கள் ஒருத்தரும் போகேல்லை. பறைச் சத்தம் எங்கடை குசினிக்கை கேட்டுது. ஐயா சோறு தின்றுகொண்டிருந்தவர்."

எனக்கு ஏதாவது பகிடி சொல்ல வேண்டும் போல இருந்தது. எழும்பிப் போய் அவருடைய இரும்புக் கைபிடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

குடியேற்றத்தில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் வன்னிக்கு லொறி ஏறிவிட்டார். நீண்டுகொண்டு போகிற எதையும் அவருக்குப் பிடிக்காது. நாலு நாள் மழை பெய்தாலே முகம் சுளிப்பார்.

அவருடைய வைத்தியம் எப்படி என்பதற்குத் தவராசா அண்ணையின் வீட்டைச் சொல்லலாம். அவர் மானிப்பாயிலிருந்து பத்மாசனி அக்காவைக் கலியாணம் முடித்துக் கூட்டிவந்தார். பொழுது படத் தொடங்கினால் அக்கா தாயை நினைத்து அழத் தொடங்குவா. தவராசா அண்ணை கெஞ்சினார், அதட்டினார், கண்டி றோட்டுச் சந்தையில் ரிப்பன் வாங்கிக் கொடுத்தார். அழுகை நின்றபாடில்லை. கடைசியில் மதகுக்குக் கூட்டிவந்தார்.

மயிலண்ணை கேட்டுவிட்டு, "அழுகையை நிப்பாட்டக்கூடாது," என்றார்.

தவராசா அண்ணைக்கு வாய் பிளந்தது.

"பிள்ளை, நீ வடிவா அழவேணும். ஆனால் வீட்டிலை இருந்து அழப்படாது. எருமையள் தண்ணிக்கு வாற நேரம் இந்த மதகிலை வந்திருந்து அழு. தவராசா, நீர் ஒரு கதிரையும் துவாயும் கொண்டுவந்து குடும். குறையக் குறைய விடாதையும், அழச் சொல்லும்."

முதல் நாள் பத்மாசனி அக்கா நன்றாகவே அழுதா. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அடுத்த நாள் எருமைகள் வரிசையாக நின்று அவவையே பார்த்தன. அதில் ஒன்று வாயை அசைபோட்டபடி தலையைச் சரித்துப் பார்த்த விதத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் உடுப்புத் தோய்க்க வந்த பெண்கள் பக்கத்தில் குந்தியிருந்து எந்த ஊர், என்ன கறி என்று விசாரித்தார்கள். பிறகொரு நாள் தவராசா அண்ணை கதிரையைத் தூக்கிக்கொண்டு, "வாருமப்பா, அழுகிற நேரமாச்சு," என்று கூப்பிட, "எனக்கு இண்டைக்கு நேரமில்லை, அருந்ததி அக்காவோடை பிட்டவிக்கப் போறன்," என்றாவாம். அவர் கதிரையோடு படலையில் நின்றதை நான் பார்த்தேன்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

என் அப்பாவின் பெயர் வீரகத்தி, அம்மா கமலாசனி. தைப்பொங்கலுக்கு மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் இடையில் கதை பேச்சு இல்லை. காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. மயிலண்ணைக்கே வேண்டாத சங்கதி உங்களுக்கு எதற்கு? கதை இல்லை என்றாலும் வீடு நடக்க வேண்டும். சோறு, சாணம், விதைநெல், தங்கச்சியின் காய்ச்சல் எல்லாவற்றையும் யாராவது யாருக்காவது சொல்லித்தானே ஆக வேண்டும். அதற்கு நான் இருந்தேன்.

"கொம்மாட்டைச் சொல்லு, குழம்புக்கு உப்பில்லை."

"கொப்பரிட்டைச் சொல்லு, உப்புப் போத்தல் அலுமாரிக்கு மேலை கிடக்கு."

இரண்டு பேரும் ஒரே குசினிக்குள், ஒரே பாயில், முழங்கை முட்டும் தூரத்தில் இருந்துதான் இதைச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் நான் திரும்பவும் சொன்னால்தான் அடுத்தவருக்குக் காது கேட்கும். ஒருநாள் இரண்டாந்தரம் சொல்ல மறந்து நான் முருங்கைக்காய் சப்பிக்கொண்டிருந்தேன். அப்பா உப்பில்லாமலே தின்றுவிட்டு எழும்பிப் போனார்.

சித்திரை பிறந்தபோது சங்கதி முற்றிவிட்டது. அம்மா றங்குப்பெட்டியில் சேலைகளை அடுக்கி, தங்கச்சியின் சட்டைகளையும் மேலே வைத்து மூடினா. இந்த முறைத் தண்ணீர் பாய்ச்சி முடிய வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மிருசுவிலுக்குத் தாய் வீட்டுக்குப் போகிறாவாம். திரும்பி வருகிற யோசனை இல்லையாம். "நீ வளந்த பெடியன். வாறியோ நிக்கிறியோ, நீதான் சொல்ல வேணும்," என்றா. நான் கிணற்றடிக்குப் போய் வாளியைப் போட்டு உதைத்துவிட்டு, மயிலண்ணையை நினைத்தேன்.

இருவரும் தாமாக மதகுக்குப் போகிற ஆட்கள் இல்லை. அதனால் அம்மாவிடம், "தண்ணி முறை விசயமா மயிலண்ணை உங்களை வரட்டாம்," என்றேன். மயிலண்ணை அப்படி எதுவும் சொல்லவில்லை. அம்மா போய், "என்ன, கூப்பிட்டனீங்களாம்?" என்று கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். காது இரண்டும் சற்றுப் பின்னால் போனது போல இருந்தது.

"ஓம், கூப்பிட்டனான். இருங்கோ," என்றார்.

அம்மா இருந்ததுதான் தாமதம், தைப்பொங்கலிலிருந்து தொடங்கிவிட்டா. மயிலண்ணை எழும்பிப் போய்க் கைபிடியைச் சுழற்றித் துருசைத் திறந்தார். தண்ணீர் இரைந்த இரைச்சலில் அம்மாவின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவ சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டு, கதவை இறக்கிப் பூட்டி வந்து இருந்தார்.

"அதெல்லாம் சரி பிள்ளை. இப்ப நான் ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு இரவு நீர் நித்திரையிலை இருக்கேக்கை பிள்ளையார் வந்து உம்மடை சிக்கலைத் தூக்கிக்கொண்டு போயிட்டார் எண்டு வையும். நீர் காணேல்லை. விடிய எழும்பி எதைக் கண்டு, ஓகோ, பிள்ளையார் வந்திட்டுப் போயிருக்கிறார் எண்டு பிடிப்பீர்?"

"இதென்ன பகிடி?" என்றா அம்மா.

"பகிடியாத்தான் சொல்லுமன்."

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா, அவிழ்த்தா. "தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, சீனி காணாது எண்டு சொல்லுவார்."

"ஆரிட்டை?"

"என்னட்டை. என்ரை முகத்தைப் பாத்து." தலைப்பைத் திரும்பவும் விரலில் சுற்றிக்கொண்டு, "முந்தி எவ்வளவு போட்டாலும் அதைத்தான் சொல்லுறவர். எனக்கு எரிச்சல் வரும். இப்ப வேப்பம்பட்டை அவிச்சுக் குடுத்தாலும் குடிச்சுப்போட்டு எழும்பிப் போகுது அந்த மனுசன்," என்றா.

வீட்டுக்கு வரும் வழியில், இதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என் காதைத் திருகிச் சத்தியம் வாங்கினா. நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய சத்தியம் அது ஒன்றுதான்.

இரண்டாந்தரம் இருவரையும் வரவழைத்தேன். உங்கள் முறையை மாற்றப் போகிறாராம் என்றதும் அப்பா மண்வெட்டியோடே வந்துவிட்டார். அம்மா வாய்க்காலுக்கு இந்தக் கரையில், அப்பா அந்தக் கரையில். நடுவே பலகை. பலகையில் நான். மதகில் மயிலண்ணை, இரண்டு பக்கமும் காது கொடுத்தபடி.

"இரண்டு பேரும் சொல்லுறதைச் சொல்லுங்கோ," என்றார் அவர்.

அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "கொம்மாட்டைச் சொல்லு, போறதெண்டால் போகட்டும், படலை திறந்துதான் கிடக்கு," என்றார்.

நான் பலகையால் நடந்துபோய், "அம்மா, படலையைத் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டாராம். மாடு வந்திடும், கெதியா வீட்டை போகவேணுமாம்," என்றேன்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் போனால் திரும்பியும் பாக்கமாட்டன் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

"அப்பா, அம்மாவுக்குத் திரும்பிப் பாக்க ஏலாதாம். கழுத்துச் சுளுக்காம்."

அப்பா எட்டி அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். "எப்ப தொடக்கம்?" என்று கேட்டவர் சட்டென்று முறைப்பை எடுத்துக்கொண்டு, "நல்லெண்ணெய் போட்டு உருவச் சொல்லு," என்றார்.

நான் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கொண்டுபோனேன்.

"எனக்கேன் நல்லெண்ணெய்?" என்றா அம்மா.

மயிலண்ணைக்குப் பெரிய இருமல் வந்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணும்," என்றார். "வாற திங்கள் காலமை உங்கடை முறை. இரண்டு பேரும் வயலிலை நிக்கவேணும். ஒராள் மேலை வாயிலை, மற்றாள் கீழை கடைசி வரம்பிலை. அதுக்குப் பிறகு போறவை போகலாம், இருக்கிறவை இருக்கலாம்."

அவர்கள் ஆளுக்கொரு கரையால் போனபிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப தொடக்கம் இந்த வேலை?"

"பொங்கலிலை இருந்து."

"எல்லாத்தையும் மாத்திறனியோ?"

"உப்புப் புளியை மாத்திறேல்லை. மற்றதை அப்பிடியே சொன்னால் அழுவினம் அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். பேச்சு விழும் என்று நான் காத்திருந்தேன். "நீ இல்லாட்டி எப்பவோ வீடு உடைஞ்சிருக்கும். நீ இருக்கிறபடியால்தான் ஒட்டேல்லை," என்று மட்டும் சொன்னார். பிறகு, "திங்கட்கிழமை உனக்குப் பல்லுக்கொதி," என்றார்.

"எனக்குப் பல்லு நல்லாக் கிடக்கு."

"திங்கட்கிழமை நோகும். கன்னத்தைச் சுத்தித் துணி கட்டு. வாயே திறக்க ஏலாது. செய்வியோ?"

இவ்வளவு அருமையான கள்ளத்தை ஒரு பெரிய மனிசன் எனக்குச் சொல்லித்தந்தது அதுதான் முதல்தரம். கை அடித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒராள் மேலே வாய்க்கால் வரம்பை வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விடுவார். இன்னொராள் கீழே கடைசி வரம்பில் நிற்க வேண்டும். தண்ணீர் அங்கே வந்து நிரம்பினதும் குரல் கொடுக்க, மேலே நிற்பவர் அடைப்பார். குரல் பிந்தினால் வரம்பு உடையும். எங்களுக்குக் கீழே கனகலிங்கத்தாரின் வயல். அவர் முதல் நாள்தான் நெல் விதைத்திருந்தார். எப்போதும் மேலுக்கும் கீழுக்கும் ஓடிச் சேதி சொல்கிறவன் நான். அன்றைக்கு அம்மாவின் பழஞ்சேலைத் துண்டால் தாடையிலிருந்து உச்சிவரை கட்டிக்கொண்டு, நடு வரம்பில் வேலமர நிழலில் குந்தியிருந்து முனகினேன்.

தண்ணீர் வந்தது. நிரம்பியது. கடைசி வரம்பில் நின்ற அம்மா என்னைப் பார்த்துக் கை காட்டினா. நான் கன்னத்தைப் பிடித்துத் தலையை ஆட்டினேன். அம்மா அப்பாவைப் பார்த்தா. அவர் மேலே மண்வெட்டியை ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். அம்மா இருமினா. கை தட்டினா. "தண்ணி வந்திட்டுது எண்டு ஆராவது சொல்லுங்கோவன்," என்று ஒரு கொக்கிடம் சொன்னா. கொக்கு பறந்தது. வரம்பில் ஒரு மூலை கரையத் தொடங்கியது.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தா.

"இஞ்சேருங்கோ!"

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாப் பெண்களுக்கும் எல்லாப் புருசன்மாரும் "இஞ்சேருங்கோ"தான். வீட்டுக்குள் அது பிரச்சினை இல்லை. வெட்டவெளி வயலில் அன்றைக்குத்தான் அதன் வில்லங்கம் தெரிந்தது. தவராசா அண்ணை நிமிர்ந்து, "என்னப்பா?" என்றார். கனகலிங்கத்தார் தன் வரம்பில் நின்று, "வாறன், வாறன்," என்றார். அங்கால் வயலில் ஏரம்பு அண்ணை திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி செத்து மூன்று வருசம். திரும்பிப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். வாய்க்கால் நீளத்துக்கு இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் திரும்பினார்கள். திரும்பாதவர் எங்கள் அப்பா ஒருவர்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை. வேறு யாருடைய மனைவியோ என்று நினைத்துவிட்டார்.

அம்மா இன்னொருதரம் கூப்பிட்டா. இன்னொருதரம் எல்லோரும் "என்ன?" என்றார்கள். வரம்பு ஒரு முழத்துக்குச் சரிந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. துணியை அவிழ்க்கக் கை போனது. மதகுப் பக்கம் பார்த்தேன். மயிலண்ணை எழும்பி நின்றார். அவர் முகத்திலும் பயம்தான். நான் கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன்.

அம்மா சேலையை இழுத்துச் சொருகினா.

"வீரகத்தீ!"

வயல் முழுக்க ஓசை நின்றது. எருமைகூட அசைபோடுவதை விட்டது போல இருந்தது. அப்பா திரும்பினார். மண்வெட்டி தண்ணீருக்குள் விழுந்தது. தடவி எடுத்து, இரண்டு மூன்று வெட்டில் மண்ணை இழுத்துத் தண்ணீர் வாயை அடைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி வரம்பால் ஓடி வந்தார். இரண்டு பேரும் கையாலும் காலாலும் சேற்றை அள்ளிச் சரிந்த மூலையில் அப்பினார்கள். கனகலிங்கத்தாரின் நெல் தப்பியது.

சேறும் சகதியுமாக நிமிர்ந்த அப்பா, "என்ரை பேரையோ கூப்பிட்டனீ?" என்று கேட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பின்னை ஆற்றை பேரைக் கூப்பிடுறது? ஊர் ஆம்பிளையள் முழுக்க ஓடி வருகினம், உங்களுக்குக் காது அடைப்பு."

அப்பா வாய்க்காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நல்ல குரல்தான்," என்றார்.

மத்தியானம் குசினிக்குள் அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு, பழக்கத்தில் என் பக்கம் திரும்பி, "கொம்மாட்டைச் சொல்லு..." என்று தொடங்கினார். நான் கன்னத்தைப் பிடித்து முனகினேன். கோப்பையைப் பார்த்தார். அம்மாவின் முதுகைப் பார்த்தார். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தியிருந்தா.

"சீனி காணாது."

அம்மா உடனே திரும்பவில்லை. "இவ்வளவு நாளும் கண்டுதே?"

"இவ்வளவு நாளும் காணாது."

"அப்ப வாயைத் திறந்து சொல்லுறதுக்கென்ன?"

"நீ என்ரை முகத்தைப் பாத்தனியோ சொல்லுறதுக்கு?"

"பாக்கிற மாதிரியோ முகத்தை வைச்சிருந்தனீங்கள்?"

அதற்குப் பிறகு நல்ல சண்டை. தைப்பொங்கலிலிருந்து தேங்கிக் கிடந்தது எல்லாம் வந்தது. தங்கச்சி பயந்துபோய் என் மடியில் ஏறினாள். நான் அவளை வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தேன். ஒரு வசனமும் என்னூடாகப் போகவில்லை. சண்டைக்கு நடுவில் அம்மா சீனிப் போத்தலை எடுத்துவந்து ஒரு கரண்டி போட்டுக் கலக்கினா. அப்பா ருசி பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்," என்றார். அம்மா சொன்னதைப் போல எவ்வளவு போட்டாலும் அதையேதான் சொல்வார் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பஸ் போனது. றங்குப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். சேலைகளைக் காணவில்லை. அம்மா எலி வராமல் அதற்குள் விதைநெல் கட்டி வைத்திருந்தா.

மூன்றாந்தரம் மதகுக்கு எங்கள் வீட்டார் போகவேயில்லை. மயிலண்ணைக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். "வந்து ஒரு சொல்லுச் சொன்னாலென்ன?" என்று அருந்ததி அக்காவிடம் முறையிட்டாராம். "உங்களிட்டை வராமல் விடுறதுக்குத்தானே உங்களிட்டை வருகினம்," என்றாவாம் அவ. பிறகு கனகாலத்துக்கு ஊர்ச் சின்னப் பெடியள் எங்கள் அப்பாவைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் நின்று அம்மாவின் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். நான் இரண்டு பேரைப் பிடித்துக் குட்டினேன். மூன்றாவது ஆளுக்குக் குரல் சரியில்லை என்று திருத்திக் கொடுத்தேன்.

பஸ் போன மறுநாள் சனிக்கிழமை மதகால் போனபோது மயிலண்ணை கூப்பிட்டார். யாருக்கோ துருசைத் திறந்துகொண்டிருந்தார்.

"கொம்மாவும் கொப்பரும் கதைக்கினமோ?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்ப ஏன்ரா இன்னும் துணியோடை திரியிறாய்?"

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துணியைச் சற்று இறக்கினேன். "இப்பதான் அண்ணை நேரை கதைச்சுப் பழகுகினம். நான் வாயைத் திறந்தால் திரும்பவும் என்னட்டைச் சொல்லி விடுவினம்."

அவர் கைபிடியைச் சுழற்றுவதை நிறுத்தினார். "பல்லு எவ்வளவு நாளைக்கு நோகும்?"

"இன்னும் ஒரு கிழமைக்கு நோகும்," என்றேன். துணியை இழுத்து உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.